பின்னால் பட்ட வெட்டு

டாக்டர் மெஹராஜ் பேகத்துக்கு எந்த வேலையையும் ஒரே மூச்சில் செய்து முடிக்கும் பாக்கியம் இருந்ததில்லை. திருக்காட்டுப்பள்ளி அரசு ஆஸ்பத்திரியில் ஒருத்தி பிரசவ வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது, அடுத்த வாரம் யாரைச் சாகடிக்கலாம் என்று யோசனை ஓடும். வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் ஒருவனைச் சாகடித்துக்கொண்டிருக்கும்போது, மூன்று வயது கமருன்னிஸா பொட்டுக்கடலையை மூக்கில் ஏற்றிக்கொள்வாள். கடலையை எடுத்துவிட்டு வந்து பார்த்தால், செத்தவன் அடுத்த பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பான்.

இந்தச் சாகடிக்கிற வேலைக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் குடமுருட்டியான். ஊரை ஒட்டி ஓடுகிற ஆறு குடமுருட்டி. கழக ஆட்சி வந்த பிறகு, ஒரு ஆற்றையோ மலையையோ பேரில் கட்டிக்கொள்ளாத எழுத்தாளனை யாரும் மதிக்காத காலம் அது. காவிரியை ஏற்கெனவே பலபேர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவளுக்கு மிஞ்சியது குடம் உருட்டுகிற ஆறுதான்.

பெயரை மறைத்ததற்குக் காரணங்கள் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் கதை எழுத மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஊசி போட வருகிறவர்கள், இந்தம்மா வாரம் ஒருத்தனை விஷம் வைத்துக் கொல்கிறவள் என்று தெரிந்தால் கையை நீட்ட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே புருஷன் ஜெக்கரியா. பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவருக்கு அந்த வாரப் பத்திரிகை கப்பலில் தாமதமாகப் போய்ச் சேரும். விடாமல் படிப்பார். படித்துவிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதுவார்: யாரோ குடமுருட்டியானாம், நம்ம பக்கத்து ஆள் போலிருக்கிறது, ஜென்மத்தில் ரத்தத்தையே பார்த்திராதவன் மாதிரி எழுதுகிறான். ஆமாம் மச்சான், நான் அந்தக் குப்பையெல்லாம் படிப்பதில்லை என்று மெஹராஜ் பதில் போட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு காயத்தைத் திருடினாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காயத்தின் சொந்தக்காரர் பெயர் தியாகராசன். பக்கத்துக் கிராமத்து மிராசுதாரின் காரியஸ்தர். அதற்கு முந்தின வருஷம் தை மாதம், சம்பா அறுவடையின்போது, அவரை மாட்டு வண்டியில் குப்புறப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அறுவடை நடந்தது மருதையன் வயலில். மருதையனின் அப்பா அந்த நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். மருதையன் அதே நிலத்துக்குக் குத்தகைக்காரன். புதுச் சட்டம் வந்ததும் தாலுகா ஆபீசுக்குப் போய்க் குத்தகையில் தன் பேரைப் பதிந்துகொண்டான். அன்றிலிருந்து மிராசுதாருக்கு அவன் தொண்டையில் சிக்கிய மீன்முள். நெற்கட்டுகளை நான் பார்த்து எண்ணாமல் களத்துக்குத் தூக்கக் கூடாது என்று தியாகராசன் வயலில் வந்து மறித்தார். வாய்ச்சண்டை முற்றியது. பிறகு ஓர் அலறல். அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்தது.

மெஹராஜ் தையல் போட்டாள். காயம் இடது பக்கம், மனிதன் உட்காருகிற இடத்தில். வாய் சின்னது, ஆழம் அதிகம், போக்கு கீழிருந்து மேலே. தியாகராசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பின்னால பட்டுடுச்சும்மா" என்றதோடு சரி. ஏட்டு வந்தார், பக்கத்து அறையில் வைத்து வாக்குமூலம் எழுதினார், போனார். மருதையன் பின்னாலிருந்து அரிவாளால் ஓங்கி வெட்டினான், கொலை முயற்சி என்று வழக்கு. அவன் ஜெயிலுக்குப் போனால் நிலத்தில் ஏர் கட்ட ஆளில்லை. சாகுபடி இல்லையென்றால் குத்தகைக்காரனும் இல்லை. மிராசுதார் போட்ட கணக்கு அதுதான்.

வழக்கு வாய்தாவில் நடந்துகொண்டிருந்த காலத்தில், குடமுருட்டியானின் 'வாய்க்கால் ஓரம் ஒரு வீச்சு' தொடர்கதையும் நடந்துகொண்டிருந்தது. கதாநாயகியின் மாமாவை யாராவது தாக்கியாக வேண்டிய வாரம். கமருவுக்குக் காய்ச்சல். மடியில் பிள்ளை, முழங்காலில் அட்டை, அட்டையில் காகிதம். தபால்பை கட்டுகிற நேரம் நெருங்கிவிட்டது. புதிதாக ஒரு காயத்தை யோசிக்க மூளையில் இடமில்லை. தியாகராசன் காயம் இனாமாகக் கிடந்தது. எடுத்து மாமாவுக்கு வைத்துவிட்டாள்.

ஆனால் அது குடும்பப் பத்திரிகை. இடுப்பு என்று எழுதினாலே ஆசிரியர் இடை என்று திருத்துவார். உட்காருமிடத்தில் வெட்டு என்று அனுப்பினால் கதையையே நிறுத்திவிடுவார். ஆகவே காயத்தைத் தோளுக்கு ஏற்றினாள். இடம் மாறியது, போக்கை மாற்ற மறந்துபோனாள். கீழிருந்து மேலே தோளை எவன் வெட்டுவான் என்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுத நேரமில்லாததால், வில்லனை வாய்க்காலுக்குள் இறக்கிக் குனிய வைத்தாள். போதாக்குறைக்குப் போலீஸ் டாக்டர் ஒருவரை வரவழைத்து, "காயம் கீழிருந்து மேலே போகிறது. ஆகவே இது கொலை முயற்சிதான்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றச் செய்தாள். தபால் போய்விட்டது. அந்த அத்தியாயத்துக்கு வந்த பாராட்டுக் கடிதங்களைப்போல எதற்கும் வந்ததில்லை.

அந்த இதழ் கடைக்கு வந்த வாரத்தில் தஞ்சாவூர் கோர்ட்டிலிருந்து அவளுக்குச் சம்மன் வந்தது.

வழக்கமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி ஆயா காத்தாயிக்கு அன்றைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தவளே லீவு கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. எட்டு வயது பாத்திமாவையும் கமருவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டியூர் தாண்டியதும் கமரு அம்மாவின் புடவையில் வாந்தி எடுத்தாள். அரசாங்க மருத்துவர், பட்டதாரி, மூன்று அத்தியாயமாகத் தமிழ்நாட்டைத் தூங்கவிடாமல் அடித்தவர், பஸ் ஸ்டாண்டு குழாயடியில் கொசுவத்தைப் பிழிந்துகொண்டு நின்றார்.

கோர்ட் வராந்தாவில் மருதையனும் அவன் மனைவி ரெங்கம்மாளும் சுவரோரம் நின்றார்கள். மெஹராஜைப் பார்த்ததும் ரெங்கம்மாள் கும்பிட்டாள். கண் டாக்டரின் வாயையே பார்த்தது, எந்த வார்த்தை வரப்போகிறதோ என்பதுபோல. எதிர்ப்பக்கம் தியாகராசன் வந்தார். பெஞ்சைப் பார்த்தார். உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையால் பலகையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார். அவரைக் கூப்பிட்டார்கள், போய்ச் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார், மறுபடியும் தடவினார், உட்கார்ந்தார். மெஹராஜ் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் துப்பறியும் கதை எழுதியும் இப்படி ஒரு துப்பு தனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள், யாரிடமும் பேசாதே என்று பாத்திமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டாவது பாதியைப் பாத்திமா கேட்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மருதையன் தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் மெஹராஜ் தெளிவாகவே பதில் சொன்னாள். நின்றவனைப் பின்னாலிருந்து ஓங்கி வெட்டினால் காயம் மேலிருந்து கீழே நீளமாக இழுக்கும். இது அப்படியில்லை. அறுக்கிறவர்கள் கஞ்சி குடிக்கப் போகும்போது அரிவாளை நெற்கட்டில் செருகிவிட்டுப் போவார்கள். நுனி மேலே பார்த்து நிற்கும். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்தால் வருகிற காயம் இது. ரெங்கம்மாள் வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெஹராஜுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. புடவையில் வாந்தி வாடை மட்டும் இல்லாதிருந்தால் முழு மரியாதையே வந்திருக்கும்.

இடையில் வெளியே போய்விட்டு வந்த சர்க்கார் வக்கீல் இளையபெருமாள், மறுபடி சில கேள்விகள் இருக்கின்றன என்று எழுந்தார். அவர் கையில் கேஸ் கட்டு இல்லை. வாரப் பத்திரிகை இருந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை. அந்தக் கறையை மெஹராஜுக்குத் தெரியும். காலையில் பாத்திமா முறுக்குத் தின்ற கையால் வைத்தது.

நடந்தது இதுதான். இளையபெருமாள் அந்தத் தொடரின் பரம ரசிகர். வராந்தாவில் ஒரு குழந்தை அதைப் படிப்பதைப் பார்த்து, வெட்டினது யாரென்று உனக்குத் தெரியுமா பாப்பா என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். எனக்கு அடுத்த வாரக் கதையே தெரியும், எங்கம்மாதான் எழுதுறாங்க என்று பாத்திமா சொல்லியிருக்கிறாள்.

"டாக்டரம்மா, குடமுருட்டியான்ங்கிறவரைத் தெரியுமா?"

சத்தியப் பிரமாணம் எடுத்த வாய். "தெரியுங்க."

"எவ்வளவு பழக்கம்?"

"ஒரே வீட்டுலதான் இருக்கோம்."

"யாரு அவரு?"

"நான்தாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த செய்தித்தாள் நிருபர் பேனாவைக் கையில் எடுத்தார். மெஹராஜின் மனதில் பினாங்குக்கு ஒரு கப்பல் கிளம்பியது.

இளையபெருமாள் அத்தியாயத்தை உரக்க வாசித்தார். தான் எழுதியதை அரசாங்கமே எழுந்து நின்று வாசிக்கக் கேட்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று மெஹராஜுக்கு அன்று விளங்கியது. 'சதக்' என்ற சொல் மூன்று முறை வந்தது. மாமாவின் ரத்தம் பீறிட்டது, கொப்பளித்தது, ஆறாகவும் ஓடியது. 'இந்தக் கொடுமையைக் காணச் சகியாமல் நிலவும் மேகத்தில் முகம் புதைத்தது' என்ற இடத்தில் அவர் நிறுத்தி, முந்தின பாராவில் பட்டப்பகல் என்று இருப்பதை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கோர்ட் சிரித்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற மருதையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கதையில் ஆழ்ந்துபோயிருந்தான்.

"கீழேயிருந்து மேலே போற காயம் கொலை முயற்சிதான்னு இதுல டாக்டர் சொல்றாரு. எழுதுனதும் டாக்டர். இங்கே கூண்டுல நின்னுக்கிட்டு, கீழேயிருந்து மேலே போனா வெட்டே இல்லைங்கிறீங்க. ரெண்டுல எது பொய்?"

"அது கற்பனைங்க" என்றாள். கௌரவமான சொல். எழுத்தாளர்கள் தப்பித்து ஓடுகிற கொல்லைப்புறக் கதவு.

இளையபெருமாள் அந்தக் கதவையும் சாத்தினார். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மருத்துவ உண்மை இம்மியும் பிசகாமல் எழுதுகிறீர்களே என்று ஒரு வாசகர் பாராட்டியிருக்கிறார். 'தங்கள் கூர்மைக்கு நன்றி. ஆராயாமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை' என்று குடமுருட்டியான் பதில் போட்டிருக்கிறார். கற்பனையிலேயே இவ்வளவு ஆராய்ச்சி பண்ணுகிறவர், நீதிமன்றத்துக்கு வந்து ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா என்றார்.

மெஹராஜ் வாசலைப் பார்த்தாள். ரெங்கம்மாள் இப்போது வாயைப் பொத்தியிருக்கவில்லை. கை தொங்கிப்போயிருந்தது. மருதையன் நிலம் அந்தக் கையோடு நழுவுவதுபோல இருந்தது. கதை சரி என்றால் அவன் ஜெயிலுக்குப் போவான். கதை தப்பு என்றால் குடமுருட்டியான் குடத்தோடு போவான். யோசிக்க அதில் ஒன்றும் பெரிதாக இல்லைதான். இருந்தாலும் அந்த நன்றிக் கடிதத்தை நினைத்து ஒரு கணம் நெஞ்சு வலித்தது.

"கதைதாங்க பொய்" என்றாள். "கற்பனைகூட இல்லை, ஐயா. திருட்டு. இவரோட காயத்தைத்தான் எடுத்துப் போட்டேன். அந்த இடத்தைப் பத்திரிகையில போட மாட்டாங்கன்னு தோளுக்கு ஏத்தினேன். போக்கை மாத்த மறந்துட்டேன். தப்பு தெரிஞ்சதும் அதை மறைக்க ஒருத்தனை வாய்க்கால்ல இறக்கினேன். வாய்க்கால்ல குனிஞ்சு நிக்கிறவன் அப்படி வீசினா மாமா தோள் போகாது. அவனோட மூக்குதான் போகும்."

"ஆராயாம ஒரு வரியும் எழுதறதில்லைன்னு போட்டிருக்கே?"

"அது கதையைவிடப் பெரிய பொய்ங்க."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். இந்தத் தப்பெல்லாம் எப்படி நேர்ந்தது என்று கேட்டார். மடியில் பிள்ளை, காய்ச்சல், தபால்பை என்று மெஹராஜ் ஒளிக்காமல் சொன்னாள்.

"காயச் சான்றிதழ் எழுதினப்ப மடியில பிள்ளை இல்லையே?"

இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். எந்த எழுத்தாளனும் அந்த இடத்தில் இல்லை என்றுதான் எழுதுவான்.

"இருந்துச்சுங்க. இடுப்புல இருந்துச்சு. ஆனா எதிர்ல காயமும் இருந்துச்சு. பிள்ளை எவ்வளவு கத்தினாலும் காயம் இடம் மாறலை. கதை எழுதறப்ப எதிர்ல ஒண்ணும் இல்லை, ஐயா. அதான்."

சர்க்கார் வக்கீல் உட்காரப் போனார். மெஹராஜ் இன்னொன்று சொல்ல அனுமதி கேட்டாள். தையல் போடும்போது தியாகராசன் தன்னிடம் சொன்னது ஒரே வார்த்தை, பின்னால பட்டுடுச்சு என்பது. அவர் சொன்னது பட்ட இடத்தை.

"வாக்குமூலம் எழுதினவங்க அதை வெட்டு வந்த திசைன்னு ஆக்கிட்டாங்கன்னு தோணுது. நானும் அதே காயத்தை வச்சுக்கிட்டு அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன். எனக்குச் சன்மானம் வந்துச்சு. மருதையனுக்கு வழக்கு வந்துச்சு."

அது சாட்சியம் அல்ல, அபிப்பிராயம் என்று இளையபெருமாள் ஆட்சேபித்தார். அதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு தியாகராசனை மறுபடியும் கூண்டுக்கு அழைத்தார். பின்னால என்றால் எந்தப் பின்னால என்று கேட்டார்.

"பின்னாலதாங்க."

"முதுகா, தோளா, யாரு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாங்க? நிதானமா உட்கார்ந்து சொல்லுங்க" என்று ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

தியாகராசன் உள்ளங்கையால் ஸ்டூலைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். எல்லாருடைய கண்ணும் ஸ்டூலில் இருந்தது. அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கட்டுல அருவாளைச் செருகி வச்சிருந்தானுங்க. இவன்கிட்டக் கத்திக் கத்தி எனக்குத் தலை சுத்துச்சு. பார்க்காம உட்கார்ந்துட்டேன்."

"அதை ஏன் அப்பவே சொல்லலை?"

"ஏட்டய்யா எழுதிப் படிச்சுக் காட்டுனாருங்க. வெட்டுனான்னு இருந்துச்சு. கேட்கறதுக்கு அது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சுங்க. அப்புறம் ஐயாவுக்கும் அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அவர் சொன்ன ஐயா மிராசுதார் என்பதை யாரும் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கவில்லை. தன் எழுத்தை இன்னொருவன் நம்பினால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று மெஹராஜுக்கும் தெரியும். தியாகராசனைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. கெட்ட கதையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் அவர்கள்.

நீதிபதி அடுத்த வாரத்துக்குத் தீர்ப்பைத் தள்ளி வைத்தார். ஆனால் தீர்ப்பு என்னவென்று வராந்தாவில் டீ விற்றவருக்கே தெரிந்திருந்தது. இளையபெருமாள் பத்திரிகையைப் பாத்திமாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மாமாவை வெட்டினவன் யாரென்று மட்டும் டாக்டரம்மா தனியாகச் சொல்லக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தனக்கே தெரியாது என்று மெஹராஜ் சொன்னதை அவர் நம்பவில்லை. கூண்டில் சொன்னதை நம்பின மனிதர், இதை நம்பவில்லை.

கமரு ரெங்கம்மாள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாட்சி முடிகிறவரை குழந்தையைத் தொட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்து, முடிந்த பிறகுதான் தூக்கினாளாம். பஸ் ஸ்டாண்டுவரை அவர்களும் கூடவே நடந்து வந்தார்கள். மருதையன் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தான். நன்றி சொல்லத்தான் கூச்சப்படுகிறான் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், நெல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்றாள் மெஹராஜ்.

"அதில்லீங்கம்மா. டீக்கடையில வாராவாரம் அந்தக் கதையைப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். நீங்கன்னு தெரியாது." அவன் தலையைச் சொறிந்தான். "இனிமே அந்த மாமாவும் அருவா மேல உட்கார்ந்துட்டாருன்னு எழுதிடுவீங்களா?"

"அதுதானே உண்மை, மருதையன்?"

"உண்மைதாங்க. எனக்கு உசிரு கொடுத்ததும் அதுதான்." பஸ் ஸ்டாண்டு கண்ணில் பட்டதும் நடையைக் குறைத்தான். "ஆனா கதைக்கு அது நல்லா இருக்காதும்மா. வாய்க்கால்ல ஒளிஞ்சிருந்தானே, அந்தப் படுபாவி, அவனை மட்டும் விட்டுடாதீங்க."

ரெங்கம்மாள் புருஷனை முழங்கையால் இடித்தாள். இப்பதான் கூண்டுலேர்ந்து வெளியில வந்திருக்கே, அதுக்குள்ள இன்னொருத்தனைப் பிடிச்சு உள்ள போடணுமா என்றாள். சொல்லிவிட்டு மெஹராஜ் பக்கம் திரும்பி, யாரும்மா அவன் என்று மெதுவாகக் கேட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மெஹராஜ் உட்காரப் போனவள் நின்று, சீட்டை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தாள். பாத்திமா சிரித்தாள். கமரு அம்மாவின் மடிக்கு மாறி, தூக்கத்திலேயே அவள் வலது கையைக் கட்டிக்கொண்டாள். மேலிடத்திலிருந்து மெமோ வரும். பினாங்கிலிருந்து கடிதம் வரும். அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையில் தபால்பை வரும்.

பாத்திமாவிடம் அட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கமருவிடமிருந்து மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, பஸ் ஆடுகிற ஆட்டத்தில் கோணல்மாணலாக அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியை எழுதினாள்:

'வாய்க்காலிலிருந்து எழுந்து ஓடியவனுக்கு மூக்கு இல்லை.'